காற்று குந்தும் இடம்

சித்தூரில் கார் பந்தயம் நடந்த அன்று காலை என் வெல்டிங் பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். குட்டை முடி, கிரீஸ் படிந்த கன்னம். பேசும்போது எதையாவது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தாள். போன தடவை கடைசி வளைவில் பின்சக்கரம் வழுக்கித் தோற்றாளாம். காரின் பின்னால் ஓர் இறக்கை பொருத்தச் சொன்னாள்.

“பறக்கவாம்மா?” என்று தயங்கிக் கேட்டேன்.

“பறக்காம இருக்கத்தாண்ணா! வேகமா போய்க்கினு இருக்கச்சொல்ல காத்து இதும்மேல குந்தும். டயரு ரோட்ட விடாது.”

பொருத்திக் கொடுத்துவிட்டு, பந்தயத்தில் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அவள் கார் அந்த வளைவுக்கு வந்ததும் கூச்சம் மறந்து, “குந்து! குந்து!” என்று காற்றிடம் கத்தினேன். முன்னால் நின்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

கார் துளியும் வழுக்கவில்லை. முதலில் வந்தாள். இறங்கியதும் அவள் இறக்கையை உள்ளங்கையால் அழுத்தியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெயர்தான் தெரியாது.