தன் பேரை மீனுக்கு வைத்தவர்

கண் காட்டவோ மாத்திரை வாங்கவோ, எதற்கென்று இப்போது நினைவில்லை, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் கழுத்தில் துண்டு சுற்றிய ஒல்லி மனிதர், அவர் மனைவி. அவர் கரகரத்த குரலில் செல்போனைப் பார்த்து ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே வந்தார்.

“யாரைங்க கூப்புடுறீங்க?” என்றேன்.

காட்டினார். மனித முகத்தோடு ஒரு மீன். போன் விளையாட்டுதான். தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் உயிரோடு இருக்குமாம். வேடிக்கையாகத் தன் பேரையே அதற்கு வைத்துவிட்டாராம், இனி மாற்ற முடியாதாம்.

“நாளைக்கு எனக்கு ஆபரேஷனுங்க. தொண்டையில கட்டி. குரலே போயிடும்னுட்டாங்க. இவளக் கூப்புடச் சொன்னா மாட்டேங்குறா.”

“கட்டுன புருஷன் பேர எப்படிங்க சொல்றது?” என்றார் அந்த அம்மா. “இத்தினி வருசத்துல ஒரு நாளும் சொன்னதில்ல.”

“சொல்லலன்னா செத்துடும்டி.”

புதுச்சத்திரம் தாண்டும்வரை அந்த அம்மா ஜன்னலையே பார்த்தார். பிறகு போனை வாங்கி, மெதுவாக அந்தப் பேரைச் சொன்னார். மீன் அசையவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். மீன் திரும்பியது.

“ம், சொல்லு,” என்றார் அவர்.

சிதம்பரம் வரும்வரை அந்த அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் பதில் சொன்னார். அந்தத் தொண்டையில் இன்னும் எத்தனை பதில் மிச்சம் இருந்ததோ, தெரியவில்லை.