அப்பா பள்ளத்தில் இறங்கிய நாள்

அறுபதுகளில், மாதுங்காவில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக்கு என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். செம்பூரிலிருந்து தம் அக்காவையும் கூட்டி வந்திருந்தார். எண்ணெய் தேடும் கம்பெனியில் நிலவியல் வேலை. அப்பாவுக்கு அது பிடிபடவில்லை.

“கிணறு தோண்டுத வேலையா மாப்ள?”

“இல்ல மாமா. எங்க தோண்டணும்னு சொல்லுத வேலை.”

“தோண்டாம எப்படிச் சொல்லுவீய?”

அவர் எழுந்துவிட்டார். “எலேய், இங்க வேண்டாம்” என்று அவருடைய அக்கா கெஞ்சினாள். அதற்குள் சேர்த்துப் போட்டிருந்த இரண்டு பெஞ்சுகளையும் விலக்கிவிட்டார்.

“பூமி இழுபட்டா இப்படிப் பிளக்கும் மாமா. நடுத்துண்டு இறங்கும். அதுல கடல் புகுந்து, வத்தி, உப்பு படியும். பொறவு அதுக்கு மேல மண்ணு படியும்.”

இடைவெளியின் மேல் ஜமக்காளத்தை விரித்தார். அதன்மேல் எங்கள் போர்வைகள் எல்லாவற்றையும் அடுக்கினார். நடுவில் தொய்ந்தது.

“பழைய பிளவு இப்ப கண்ணுக்குத் தெரியல. ஆனா மேல எது படிஞ்சாலும் பள்ளம் அங்கதான்.”

அடுப்படியிலிருந்து நான் கேட்டுவிட்டேன். “அந்த உப்பு என்ன ஆவும்?”

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவரோ அப்போதுதான் என்னை முதன்முதலாகப் பார்த்தார். தட்டில் இருந்த அல்வாவின்மேல் ஒரு சப்பாத்தியைப் போட்டு, அதை லேசாகக் கிழித்து, உள்ளங்கையால் அழுத்தினார்.

“கனம் ஏற ஏற உப்பு இப்படிக் குழையும். அடியில பழைய பிளவு மறுபடி அசைஞ்சா மேல விரிசல் விடும். அது வழியா முட்டிக்கிட்டு வந்துரும்.”

கிழிசல் வழியாக அல்வா பிதுங்கி வந்தது. அப்பா அதிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் பெஞ்சு இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்தார். ஜமக்காளத்தோடு உள்ளே போய்விட்டார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள்.

உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. “அப்ப எண்ணெய் எங்க இருக்கும்?”

“உப்பு முட்டின எடத்துக்குப் பக்கத்துல இருக்கலாம், மாமா” என்று சொல்லிக்கொண்டே அவர் கை கொடுத்தார். கையெல்லாம் அல்வா நெய். பாதி தூக்கியதும் வழுக்கி, அப்பா மறுபடியும் இறங்கினார்.

அவர்கள் போன பிறகு அம்மா, “இது சரிப்படாது” என்றாள். முன்னால் வந்தவர்களெல்லாம் எனக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். நான் கேட்டதற்குப் பதில் சொன்னவர் இவர் ஒருவர்தான். சம்மதம் என்றேன்.

அப்பா இடுப்பில் தைலம் தேய்த்தபடியே சொன்னார். “பையன் விவரமானவன்தான். ஆனா கல்யாணத்துக்கு நாற்காலிய நாமளே போட்டுருவோம்.”