சகலை வீட்டு வைஸ்

முப்பது வருடம் அரம் பிடித்துக் காய்த்துப்போன கை ஃபிட்டருக்கு. அவருடைய சகலையோ பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத குமாஸ்தா. அந்த ஆள் வீட்டிலேயே ஒரு பட்டறை போட்டு, ஆறு அங்குல வைஸ் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறாராம். கேட்டதிலிருந்து ஃபிட்டருக்குச் சோறு இறங்கவில்லை.

வைஸ் என்றால் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு தாடைகள்தானே. அந்தப் பிடியில் ஒரு குறை கிடைக்காமலா போய்விடும் என்று மறுநாளே போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து காகிதத் துண்டை எடுத்து, தாடைகளின் இடது ஓரத்தில் ஒரு தடவை, வலது ஓரத்தில் ஒரு தடவை கொடுத்து, கைப்பிடியை முறுக்கிக் காகிதத்தை இழுத்துப் பார்த்தார். உருவிக்கொண்டு வந்தால் மட்டமான வைஸ். இரண்டு தடவையும் காகிதம்தான் கிழிந்தது. பாழாய்ப்போன வைஸ் விடவில்லை.

“எப்படிண்ணே இருக்கு? நீங்க பார்த்துச் சொன்னாதான் எனக்குத் திருப்தி.”

“ஏதோ, சுமாரா இருக்கு” என்றார் ஃபிட்டர். கிழிசலை மட்டும் மறக்காமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். சாட்சியை விட்டுவிட்டு வருவானேன்?

வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் பழைய வைஸிடம் போனார். இடது ஓரம் பிடித்தது. வலது ஓரத்தில் காகிதம் சொன்னபடி கேட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அதை நான்காக மடித்துக் கொடுத்து மறுபடி முறுக்கினார்.

“என் தங்கச்சி வீட்டு வைஸ் எப்படி இருக்கு?” கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

“சுமார்தான். நம்மளோடது மாதிரி வருமா?”

“அப்புறம் எதுக்குக் காகிதத்தை மடிக்கிறீங்க?”