முப்பத்தெட்டு நாடுகள்

செயின்ட் லூயிஸில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் இருபத்தாறு வருடமாகக் காய் நறுக்கும் ஷெஃபிகா, ஒரு செருப்பு வாங்கவே பத்துக் கடை ஏறி இறங்குகிறவள். போஸ்னியாப் பயணத்தில் போனுக்கு இணையம் தரும் இ-சிம்மையும் அப்படித்தான் தேடினாள். போரில் காணாமல் போன ஆறடித் தம்பி நிஹாதை முப்பது வருடம் கழித்துக் கண்டெடுத்திருந்தார்கள். அடக்கம் செவ்வாய்க்கிழமை, மதியத் தொழுகைக்குப் பிறகு. டயாலிசிஸில் இருக்கும் தங்கை ஃபாதிலாவால் விமானம் ஏற முடியாது.

"கடைசிப் பிடி மண்ணு விழற வரைக்கும் எனக்குப் போன்ல காட்டணும்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

வியன்னாவில் இறங்கி, காரில் ஸ்லோவேனியா, குரோஷியா தாண்டினால் ஊர். நாட்டுக்கொரு திட்டமா, எல்லாவற்றுக்கும் ஒன்றேயா? மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கணவன் மிர்சாதுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னைக் கட்டிக்கிறப்போ இவ்ளோ யோசிச்சியா நீ?"

"யோசிச்சிருந்தா கட்டியிருப்பேனா?"

கடைசியில் 'ஐரோப்பா முழுவதும், 38 நாடுகள், 20 ஜிபி' என்பதை வாங்கினாள். வேகம், நாள் கணக்கு எல்லாம் படித்தவள் நாடுகளின் பட்டியலை மட்டும் பார்க்கவில்லை. பிறந்த ஊர் ஐரோப்பாவில்தான் இருக்கிறதா என்று யாராவது சரிபார்ப்பார்களா?

மூன்று நாடுகளிலும் போன் சொன்னபடி கேட்டது. செவ்வாய் காலை பதினோரு மணி. போஸ்னியா எல்லையில் ஊனா ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, பேசிக்கொண்டிருந்த ஃபாதிலாவின் முகம் வாய் திறந்தபடியே திரையில் உறைந்துபோனது. அப்புறம் அதுவும் இல்லை. ஷெஃபிகா போனை அணைத்துப் போட்டாள். மறுபடியும் அணைத்துப் போட்டாள். சேமித்து வைத்திருந்த பட்டியலைத் திறந்து விரலால் ஒவ்வொன்றாகத் தேடினாள். மால்டா இருந்தது, ஐஸ்லாந்து இருந்தது. போஸ்னியா இல்லை.

"நம்மள விட்டுட்டாங்க" என்றாள்.

"போர்லதான் விட்டாங்க, இப்பவுமா?" என்றான் மிர்சாத். காரை ஓரங்கட்டியவன் ஸ்டீயரிங்கை விடவே இல்லை.

எதிரே இருந்த பெட்ரோல் பங்க்குக்கு ஓடினாள். கல்லாவில் இருந்த பெண் எதுவும் கேட்காமலே உள்ளூர் சிம் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"அமெரிக்காவா? ஐரோப்பா திட்டம்தானே? காலையிலேர்ந்து நீங்க ஏழாவது ஆளும்மா."

அந்த சிம் உயிர்பெற இரண்டு மணி நேரம் ஆனது. ஊர் இடுகாட்டில், அடக்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஃபாதிலாவின் முகம் மறுபடி வந்தது. ஷெஃபிகா பெண்கள் வரிசையில் நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். பச்சைத் துணி போர்த்திய பெட்டி வந்தது. திரையில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

"அக்கா, என்னக்கா இது? ரெண்டே பேரு, ஒத்தக் கையால தூக்கிட்டு வர்றாங்க?"

உள்ளே இருப்பது பதினோரு எலும்பு என்று தங்கையிடம் ஷெஃபிகா சொல்லியிருக்கவில்லை.

"நம்ம நிஹாதாக்கா இது? அவன் ஆறடியாச்சேக்கா!"

தொடர்பு போய்த் தொலையக்கூடாதா என்று இருந்தது ஷெஃபிகாவுக்கு. அது போகவில்லை. கடைசிப் பிடி மண் விழும்வரை போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.