நான் ஏறாத கப்பல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அண்ணாமலை நகரில் என் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது. வெயிலில் நன்றாகக் கறுத்த முகம், அயர்ன் செய்த சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"சார், பேப்பர்ல கப்பலப் பத்தி எழுதினது நீங்கதான?"

ஆஹா, வாசகர்! பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டேன். உட்காரச் சொன்னேன். உள்ளே பார்த்துக் காபிக்குக் குரல் கொடுத்தேன். வாசகர் என்றால் என் வீட்டில் காபி நிச்சயம். பாராட்டுகிற வாசகர் என்றால் கூடவே பிஸ்கட்டும் வரும்.

அவர் பெயரை மாற்றி, செல்வம் என்று வைத்துக்கொள்வோம். கடலூர் முதுநகர்க்காரர். சரக்குக் கப்பலில் டெக் வேலை. கயிறு கட்ட வேண்டும், சுக்கான் பிடிக்க வேண்டும். நம் நாட்டுக் கொடி பறக்கிற கப்பல். ஒரிசா பக்கம் நிலக்கரி ஏற்றி, தூத்துக்குடி மின் நிலையத்துக்காகக் கொண்டுவந்து இறக்கும். ஆறு மாதம் கடல், பிறகு லீவு. இந்த லீவில் இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி.

"ஒரு விஷயம் கேக்கணும் சார். எங்க கப்பல் எப்ப நிக்கும்?"

எனக்குப் புரியவில்லை.

"நெல்லிக்குப்பத்துல ஒரு பொண்ணு பாத்திருந்தோம். ரெண்டு வீட்டுக்கும் புடிச்சிப்போச்சு. நான் கப்பல் ஏறத்துக்குள்ள தட்டு மாத்திக்கலாம்னு பேச்சு. திடீர்னு பொண்ணோட அப்பா வேணாம்னுட்டாரு. அஞ்சு வருஷத்துல இந்த வேலையே இருக்காதாமே... நீங்க சொன்னீங்கன்னு சொன்னாரு."

குரலில் கோபமே இல்லை. அவரே தொடர்ந்தார். "அதான் உங்களையே கேட்டுடலாம்னு வந்தேன். உள்விஷயம் தெரிஞ்சுதான சொல்லியிருப்பீங்க. வேலை போறது உறுதின்னா நான் இப்பவே வேற எடம் பாக்கணும் இல்லீங்களா?"

சண்டை போட வந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். மனிதர் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்.

ஐந்தாறு வாரம் முன்பு இதே இடத்தில் நான் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நம் ஊர்த் துறைமுகம் ஒன்றிலிருந்து நம் ஊர்த் துறைமுகம் இன்னொன்றுக்குச் சரக்கு கொண்டுபோக நம் கப்பலுக்கே முதல் உரிமை. அந்தச் சட்டத்தைத் தளர்த்தி வெளிநாட்டுக் கப்பல்களையும் விடப் போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. 'வரட்டுமே' என்று எழுதினேன். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் ஒரே ஒரு பஸ் கம்பெனிதான் என்றால் அவன் வைத்ததுதானே டிக்கெட்? போட்டி வந்தால்தான் தூங்குமூஞ்சிகள் எழுந்திருப்பார்கள் என்று ஒரு போடு போட்டேன். நம் கப்பல்காரர்கள் மூட்டை கட்டலாம் என்று கடைசி வரி. சபாஷ் என்று நாலைந்து கடிதங்கள்கூட வந்தன.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கடலூரில் கப்பல் ஏஜென்ட்டாக இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். வெளிநாட்டுக் கப்பல் ஜாஸ்தி வந்தால் அவருக்கு வேலையும் ஜாஸ்தி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடலூரில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு படகில் வரும். அப்படி நின்ற ஒரு கப்பலைக் காட்ட லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் கூட்டிப்போனார். முகத்துவாரம் தாண்டியதுமே எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. கப்பலை நெருங்கியபோது நான் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து ஏணி இறக்கினார்கள். நான் ஏறவில்லை. கரைக்குத் திரும்பி, முகம் கழுவி, வறுத்த வஞ்சிரத்தோடு சாப்பாடு. அந்தச் சாப்பாட்டு மேஜையில் நண்பர் பேசியதுதான் அந்த வாரப் பத்தி.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்தி வெளிவந்த நாலாம் நாள் மத்தியானம் ஒரு போன். நெல்லிக்குப்பத்திலிருந்து, சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர். பத்திரிகை ஆபீசில் நம்பர் வாங்கினாராம்.

"சார், பொண்ணுக்கு ஒரு எடம் வந்திருக்கு. மாப்பிள்ளை கப்பல்ல இருக்காரு, நம்ம இந்தியாக் கப்பல். விசாரிக்கலாம்னா கப்பல் விஷயம் தெரிஞ்சவங்க எங்க பக்கம் யாரும் இல்ல. நீங்க எழுதினதப் படிச்சேன். அந்த வேலை நிலைக்குமா சார்?"

கவனியுங்கள், கல்யாண விஷயம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார். மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நம் வழக்கம். பத்துப் பேரைக் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் 'எனக்கு அவ்வளவாகத் தெரியாதுங்க' என்று சொல்லலாம், அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. நானோ சாய்வு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு, "அஞ்சு வருஷம் தாங்குறதே கஷ்டங்க" என்றேன். நாலு, ஆறு என்று சொல்லாமல் ஐந்து என்று ஏன் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை. போனை வைத்தபோது, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிய திருப்தி வேறு.

காபி வந்தது. என் மனைவி உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பிஸ்கட் தட்டைச் செல்வத்தின் பக்கம் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

செல்வம் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "இப்ப சட்டத்தத் தளர்த்தறதாப் பேசறது கன்டெய்னர் பெட்டிக்கு சார். எங்களது கரி" என்றார். நம் கப்பல் எதுவும் கிடைக்கவில்லை என்றால் வெளிநாட்டுக் கப்பலுக்கு அனுமதி கொடுப்பது ஏற்கெனவே நடப்பதுதானாம். அதுவும் எனக்குத் தெரியாது.

"நாளைக்கு கரிக்கும் வரலாம், வராமலும் போவலாம். வரட்டும் சார், வேணாம்னு சொல்லல. ஆனா எண்ணெய்க்கு வரி, சம்பளத்துல வரின்னு எங்களுக்கு எல்லாம் இருக்கு, அவுங்களுக்கு இல்ல. எங்க தலையில மட்டும் மூட்டைய வெச்சிட்டு, ரெண்டு பேரும் ஓடுங்கன்னா எப்படி சார்? தூங்குமூஞ்சின்னு எழுதிட்டீங்க."

படித்திருக்கிறார். கவரிலிருந்து தன் மாலுமிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். எந்தக் கப்பலில் எந்தத் தேதி ஏறினார், எந்தத் தேதி இறங்கினார், பக்கத்துக்குப் பக்கம் கேப்டனின் கையெழுத்தும் முத்திரையும். பதினோரு வருடம். நான் கடலில் இருந்தது ஒன்றரை மணி நேரம். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் கடலூர் போய், பஸ் மாறி நெல்லிக்குப்பம் போனேன். வழியில் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் முக்கால் மணி தாமதம். திரும்பிப் போய்விடலாமா என்று அந்த முக்கால் மணியில் மூன்று தடவை யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆலைக்காரர் ஓடி வந்து வரவேற்றார். ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டார். "எனக்குக் கப்பலப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க, தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

சிரித்தார். "பெரியவங்க அடக்கமாத்தான் பேசுவீங்க."

சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து, ஜாதகத்தோடு சேர்த்து மடித்து வைத்திருந்த என் பத்தியை எடுத்தார். "மச்சானுங்க மூணு பேருக்கும் இத ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டேனே சார். அவுங்க சரின்னாதான் நான் தட்டே எடுக்க முடியும்."

அப்போது உள் அறை வாசலில் நின்ற பெண் கேட்டாள். "சார், அந்த அஞ்சு வருஷங்கறது எதுல போட்டிருந்துச்சி?"

அதட்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். செல்வத்தை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"எதுலயும் இல்லம்மா. நானாச் சொன்னது."

ஆலைக்காரர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. வெகுநேரம் அந்தக் காகிதத்தையே மடித்து மடித்துப் பிரித்தார். "நான் வாயால சொன்னா மச்சானுங்ககிட்ட எடுபடாது சார். நீங்க பேப்பர்லயே போட்டுடுங்க."

"அதே எடத்துல" என்றாள் பெண்.

இதோ, அதே இடத்தில் போட்டுவிட்டேன், அம்மா. செல்வம் கப்பல் ஏற இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அவர் வேலை எத்தனை வருடம் நிலைக்கும் என்று எனக்குத் தெரியாது. கப்பலைப் பற்றியே எனக்கு ஒன்றும் தெரியாது.

மூன்று பிரதி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளவும்.