காற்றுப் புகாத மூடி

அவனை எல்லோரும் ஊதி என்றுதான் கூப்பிட்டார்கள். கார்புரேட்டரைக் கழற்றினால், உள்ளே குண்டூசி முனையளவு ஓட்டையோடு இருக்கும் பித்தளை ஜெட்டை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பான். கடையில் காற்றடிக்கும் மெஷின் இருந்தது. ஆனாலும் ஊதுவான். "அடைப்பு இருக்கா இல்லையான்னு மெஷின் சொல்லாதுங்க, உதடுதான் சொல்லும்" என்பான். பெட்ரோல் பட்டுப் பட்டு அவன் மேலுதடு எந்நேரமும் வெளுத்துத் தோல் உரிந்தே கிடக்கும். முத்தத்துக்கு லாயக்கில்லாத வாய் என்று அவன் மனைவியே கேலி செய்வாள்.

அவன் அக்கா வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தார். இருபது வருஷப் பழைய வண்டி. நாளெல்லாம் தெருத் தெருவாகச் சுற்றுவார். ஒருநாள் டேங்க் மூடியின் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். ஊதி பூட்டை உடைத்துக் கழற்றி எறிந்துவிட்டு, டப்பாவில் கிடந்த வேறொரு மூடியை மாட்டி அனுப்பினான். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நிமிஷ வேலை. அன்று மாலையே மறந்துபோனான்.

இரண்டு வாரம் கழித்து மாமா திரும்ப வந்தார்.

"ஓடிக்கிட்டே இருக்கும்போது பொசுக்குன்னு நின்னுடுதுப்பா. கால் வலிக்க உதைச்சாலும் உசுரு வராது. கொஞ்ச நேரம் கழிச்சு உதைச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்புது."

"குப்பை அடைச்சிருக்கும் மாமா. பழைய டேங்க், துரு வரும்."

கார்புரேட்டரைப் பிரித்தான். அடியில் செம்மண் மாதிரி கொஞ்சம் துரு இருந்தது. கழுவினான், ஜெட்டை ஊதினான், மாட்டினான். டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தான். சிட்டு மாதிரி பறந்தது.

பத்து நாளில் மறுபடியும் வந்தார். இந்த முறை பெட்ரோல் குழாயை மாற்றினான், வடிகட்டியைத் துடைத்தான். மூன்றாம் முறை கார்புரேட்டரின் மிதவையையும் ஊசியையும் புதிதாகப் போட்டான். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தான். ஒவ்வொரு முறையும் தெருமுனை வரை ஓட்டினான். ஒவ்வொரு முறையும் வண்டி ஒழுங்காக ஓடியது.

"இனிமே நின்னா என் பேரை மாத்திக்கிறேன் மாமா."

"அதான் ஏற்கெனவே மாத்தி வெச்சிருக்காங்களே" என்று சிரித்துக்கொண்டே போனார் மாமா.

அந்த வாரமே ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டி நின்றது. ஒதுங்க இடமில்லாத பாலம். பட்டப்பகல். அவர் இறங்கி உதைத்துக்கொண்டிருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். டேங்கைக் குலுக்கிப் பார்த்தாராம். பின்னால் வந்த மணல் லாரி நிற்கவில்லை.

அதை வைத்து, பெட்ரோல் தீர்ந்து வண்டி நடுச்சாலையில் நின்றதாகக் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு வரியைத்தான் அக்கா பிடித்துக்கொண்டாள். விபத்து நடந்த அன்று காலை, பெட்ரோல் போடச் சொல்லிப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "போட்டுக்கிறேன், போட்டுக்கிறேன்னார். எல்லாத்திலயும் அந்த அலட்சியம்தான். ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இப்படியாடா ஒரு மனுஷன் சாவான்?" வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். அழுகையைவிடக் கோபம்தான் அவளுக்கு அதிகம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து காவல் நிலையத்திலிருந்து வண்டி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "என் கண்ணுல படக்கூடாது, நீயே எடுத்துட்டுப் போ" என்றாள் அக்கா. முன்சக்கரம் மடங்கிக் கிடந்தது. யாரோ பெட்ரோல் குழாயை மூடி வைத்திருந்தார்கள். ஊதி டேங்கைக் கழற்றித் தூக்கினான். கனத்தது. உள்ளே பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது.

டேங்கை ஸ்டூல் மேல் வைத்து, குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டுத் திறந்தான். பெட்ரோல் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் நூலாக மெலிந்தது. சொட்டுச் சொட்டாகியது. நின்றது. டேங்கைத் தட்டிப் பார்த்தான்; உள்ளே இன்னும் பெட்ரோல் இருந்தது. பிறகு மூடியைத் தளர்த்தினான். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம். பெட்ரோல் மறுபடியும் கொட்டத் தொடங்கியது.

பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று போகவேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். மூடியைப் பிரித்துப் பார்த்தான். துளையை அடைத்துக்கொண்டு ரப்பர் வாஷர் உட்கார்ந்திருந்தது. வேறு ஏதோ வண்டியின் வாஷர். அவன் டப்பாவிலிருந்து மூடியோடு வந்தது. பெட்ரோல் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து காற்றை உள்ளே விட்டபோது, கோளாறைத் தன் கையாலேயே மறைத்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. கடை திறந்தான், வேலை பார்த்தான். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் செத்த மனுஷன் அலட்சியக்காரன் என்ற பேரோடு கிடப்பார். நான்காம் நாள் மூடியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அவள் அடுப்பங்கரையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே முழுக்கச் சொன்னான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவர் பெட்ரோல் போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தாருக்கா."

நறுக்கிய காயை மூடி வைத்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள். "என்கிட்ட சொன்னது பத்தாது. அவரோட அப்பாகிட்ட வந்து சொல்லு."

மாமாவின் அப்பா நாற்பது வருஷம் லேத் பட்டறையில் நின்றவர். காது பாதி போய்விட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊதி மெதுவாக ஆரம்பித்தான்.

"சத்தமா சொல்லு தம்பி" என்றார்.

சத்தமாகச் சொன்னான். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நின்றாள். இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். பெரியவர் மூடியை வாங்கிக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை மாட்டினது யாரு?"

"நான்தாங்க ஐயா."

"ஓட்டை இருக்கான்னு ஊதிப் பாத்தியா?"

"இல்லீங்க."

"கேக்கல."

"பாக்கலீங்க ஐயா. ஊதிப் பாக்கல."

தெரு முழுக்கக் கேட்டது. பெரியவர் மூடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "போ" என்றார். அக்கா அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன் புருஷனுக்காக அவள் கோபமில்லாமல் அழுத முதல் அழுகை அதுவாகத்தான் இருக்கும். ஊதி தனியாக நடந்து வீட்டுக்கு வந்தான்.

கடைக்கு வருகிற வண்டிகள் குறைந்தன. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை, வேறு கடைக்குப் போனார்கள். வருஷக் கடைசியில் கடையை மூடிவிட்டு, ஒரு பம்பு செட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். காவல் நிலையத்துக்கு இரண்டு முறை போய், பெட்ரோல் தீர்ந்ததாக எழுதிய அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்டான். முடித்த வழக்கு என்று அனுப்பிவிட்டார்கள்.

அக்கா அவனோடு பேசவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அம்மாவுக்கு முடியல. பெரிய ஆஸ்பத்திரி, நாலாவது வார்டு."

வைத்துவிட்டாள். அவன் போனான். வார்டுக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. அவள் ஒரு முனையில் இருந்தாள், அவன் மறுமுனையில் உட்கார்ந்தான். டாக்டர் வெளியே வந்து, பிள்ளைகள் யார் என்று கேட்டபோது, இருவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.