நவம்பர் மூக்கு

மொன்டானா மலைகளுக்கு நடுவே உள்ள அந்தப் பள்ளத்தாக்கில், செப்டம்பர் காலைகளில் பனிமூட்டம் கூரை வரை ஏறிவந்து அங்கேயே தூங்கிவிடும். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தோரா ஹால்விக் அதற்குள் வண்டியை மெல்ல விட்டுக்கொண்டு போவாள். சாலையோரம் மான்கள் தோன்றுவதும் கரைவதும் கனவில் நடப்பது மாதிரி இருக்கும். இந்த வருடம் அவற்றைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

அப்பா இறந்ததும் நகரத்திலிருந்து இங்கே திரும்பியிருந்தவள், போன வருடம் அவருடைய லீவர் இழுத்துச் சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியாக வேட்டைக்குப் போயிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதுக் கண்ணுக்குக் குழல் நுனியின் குறி பஞ்சாகக் கலங்கியது. குண்டு தப்பாகப் பட்டு ஓடிய மானை இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. குளிர்காலக் கறி அந்த மலையிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் இன்னொரு மானை அப்படி ஓடவிட அவளுக்கு மனசில்லை.

அப்பாவின் துப்பாக்கியில் துளை போட்டு, குறி தெளிவாகத் தெரியக் கண்ணருகே ஒரு பார்வை வளையத்தைத் திருகிக்கொள்ளலாம். இல்லையென்றால் தொலைநோக்கியோடு புதுசாக ஒன்று வாங்கலாம். அப்பா இங்வால்ட் எதையும் மாற்றாத மனுஷன். கிழிந்த நாற்காலியும் நசுங்கிய கெட்டிலும் கடைசி வரை வைத்தது வைத்தபடி கிடந்தன. அவர் பொருளைத் துளைப்பது அவரையே துளைப்பது போலிருந்தது. புதுசுதான் என்று முக்கால்வாசி முடிவெடுத்த பிறகும், ஒரு வார்த்தை கேட்டுவைப்போமே என்று துப்பாக்கி பழுதுபார்க்கும் டெல்வினிடம் போனாள். சின்ன வயதில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அவள் சடையை இழுத்தவன்.

டெல்வின் துப்பாக்கியின் அடிக்கட்டையை அவள் முழங்கை மடிப்பில் பொருத்தி, விரல் விசைக்குச் சரியாக எட்டுகிறதா என்று அளவு பார்த்தான். விரல் விசையைத் தாண்டி நீண்டுகொண்டு நின்றது. நெற்றியைச் சுருக்கியபடி கட்டையின் அடித்தகட்டைக் கழற்றினான்.

"உங்கப்பன் கட்டையைக் கை ரம்பத்தால அறுத்திருக்காரு. சின்னப் பிள்ளை அளவுக்கு."

தோராவுக்குப் பன்னிரண்டு வயதில் இருந்த சமையலறையின் வாசம் மூக்கில் ஏறியது. அப்பா இதே துப்பாக்கியை இதே மாதிரி அவள் முழங்கையில் வைத்துப் பார்த்தார்; விளையாடுகிறார் என்று நினைத்தாள். மறுநாள் வீடெல்லாம் மரத்தூள் வாசம். அந்த ஒரு பருவம்தான் அவரோடு மலை ஏறினாள். பனி உருகியதும் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு பில்லிங்ஸ் நகரத்துக்கே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு அவள் வரும்போது, ஆறடி அப்பாவின் மூக்கு வீங்கியிருக்கும். கட்டை குட்டை என்பதால், சுடும்போது துப்பாக்கி உதைத்து அவர் கட்டைவிரலே மூக்கில் இடித்துவிடும். நவம்பர் மூக்கு என்று பேர் வைத்தவளே தோராதான். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். போன வருடம் தன் மூக்கும் வீங்கியபோது, இந்தத் துப்பாக்கியின் குணமே இதுதான் என்று விட்டுவிட்டாள்.

"வேற கட்டை மாட்டுறது ஒரு சாயங்கால வேலை," என்றான் டெல்வின். "உங்கப்பன் ஏன் இப்படியே விட்டாரோ."

அடுத்த வருடம் மகள் வேட்டைக்கு வருவாள் என்று விட்டிருப்பார். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். தோரா கடை நடுவில் நின்று அழுதாள். டெல்வின் ஜன்னலுக்கு வெளியே மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துளை போடு," என்றாள் கடைசியில். "வளையத்த மாட்டு. அவரே அறுத்திருக்காரு, நான் எதுக்குப் பயப்படணும்?"

"சரி. அப்படியே கட்டையையும் உன் கைக்கு நீட்டிடுறேன்."

"அதத் தொடாத."

"மூக்கு வீங்கும் தோரா."

"வீங்கட்டும்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.